வந்துட்டேன் என்று எழுதாதவர்

அந்தச் சனிக்கிழமை பிற்பகல் நோர்டர்ஸீல் விடுதியின் பின்னறையில் இருந்தவர்கள்: ஜன்னலோரம், கடலணைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தொலைபேசிக் கம்பம் ஏறும் வேலை பார்க்கும் ஹாயோ. கணப்புக்குப் பக்கத்தில், காலணியைக் கழற்றிவிட்டு, பள்ளி நூலகத்து இம்கே. கதவைப் பார்த்தபடி தொம்மா. மருந்துக்கடையில் கணக்கெழுதுகிறவள், எங்கே உட்கார்ந்தாலும் கதவு கண்ணில் பட வேண்டும் அவளுக்கு. மேசையின் கடைசியில் லோரென்ஸ் என்ற மாட்டு வைத்தியர். தெற்கே மலைப்பக்கத்திலிருந்து வேலை மாறி வந்தவர். இந்தக் கூட்டத்துக்கு அன்றுதான் முதல் தடவை. சுவரோரம் கிடந்த ஐந்தாவது நாற்காலியில் எல்லாருடைய மழைக்கோட்டுகளும் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தன.

இவர்களை ஒன்றுசேர்த்தது ஒரு செய்திக்குழு. மின்னஞ்சல் பார்க்கிற அதே நிரலில், இடது ஓரத்தில், சொந்தக் கடிதப் பெட்டிகளுக்குக் கீழே குழுவின் பெயர் இருக்கும். அதைத் தட்டினால் மோடம் கீச்சிட்டு முடித்ததும் யார் என்ன எழுதினார்கள், யாருக்கு யார் பதில் சொன்னார்கள் என்பதெல்லாம் படிப்படியாக உள்தள்ளி வந்து நிற்கும். பேச்சு பூராவும் கடலைப் பற்றித்தான். தண்ணீர் வற்றும் நேரத்தில் சேற்றுத் தரையில் மைல்கணக்காக நடந்து போகிறவர்கள் அவர்கள். எந்த ஓடை ஆழமாகிவிட்டது, எங்கே சேறு காலை இழுக்கிறது, பனிமூட்டம் எப்போது இறங்கும், இதுதான் செய்தி. தெருவில் பார்த்தால் ‘நீங்க’ என்று சொல்லிக்கொள்கிறவர்கள்கூடக் குழுவில் ‘நீ’தான். யாரும் பொய்ப்பெயரில் எழுதக்கூடாது.

இதற்கெல்லாம் மேலே ஒரு வழக்கம் உண்டு. தனியாகச் சேற்றில் இறங்குகிறவர் காலையில் குழுவில் ‘போகிறேன்’ என்று போட வேண்டும். எந்த வழி, எப்போது திரும்புவது என்பதும் அதிலேயே இருக்க வேண்டும். பழைய ஆள் ஒருவர் ‘பார்த்துக்கொள்கிறேன்’ என்று பதில் போடுவார். அப்படிப் பொறுப்பேற்றவர், சேற்றில் போனவர் ‘வந்துட்டேன்’ என்று எழுதும்வரை கம்ப்யூட்டரை மூடக்கூடாது. நேரம் தவறினால் கரைக்காவல் படகுக்குப் போன் செய்வது அவர் பொறுப்பு.

இம்கே எல்லாருக்கும் தேநீர் ஊற்றினாள். கோப்பைக்குள் கற்கண்டு படபடவென்று வெடித்தது. லோரென்ஸ் கரண்டியை விட்டுக் கலக்கப் போனார்.

“யோவ், கலக்காதே! உங்க ஊர்ல மாட்டுக்குக் கஷாயம் கலக்குற மாதிரி கலக்குறியே,” என்றான் ஹாயோ.

“கலக்காம எப்படிய்யா குடிக்கிறது? மேல கசப்பு, அடியில இனிப்பு.”

“அதுதான் முறை. முதல்ல கசக்கும். பொறுத்துக்கிட்டுக் குடிச்சா கடைசியில இனிக்கும்.”

“உங்க ஊர் ஆளுங்க மாதிரியேன்னு சொல்லு,” என்றார் லோரென்ஸ். எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அவர் சாதாரணமாகக் கேட்டார். “ஆமா, அந்த மென்னோ ஏன் வரல? ஏதாவது கோவமா?”

இம்கேயின் கை தேநீர்க்கெண்டி மேலேயே நின்றுவிட்டது.

“எந்த மென்னோ?” என்றாள் தொம்மா.

“அஞ்சே பேர் இருக்குற குழுவுல எத்தனை மென்னோ இருக்காங்க? தினமும் காலைல எழுதுறாரே. ‘போகிறேன்’னு ஒழுங்காப் போடுறாரு, ‘வந்துட்டேன்’னு போடவே மாட்டேங்குறாரு. சரி, அவர் சுபாவம் அப்படிபோல, நீங்க யாரும் கண்டுக்கலையேன்னு நானும் விட்டுட்டேன்.”

“இந்த மாதிரி விளையாட்டெல்லாம் இங்க வேண்டாம்,” என்றான் ஹாயோ. குரல் மாறியிருந்தது.

“என்ன விளையாட்டு? இன்னைக்குக் காலையிலகூட எழுதியிருந்தாரு.”

“மென்னோவை மார்ச் மாசமே புதைச்சாச்சு, டாக்டர்,” என்றாள் இம்கே. “நாங்க மூணு பேரும் பெட்டிக்குப் பின்னால நடந்து போனோம்.”

லோரென்ஸ் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். புதுசாக வந்தவனைக் கேலி செய்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தார் போலிருக்கிறது. பிறகு கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

மென்னோ ஓய்வுபெற்ற நில அளவைக்காரர். பனிமூட்டத்தில் திசை தவறி, ஏறிவந்த தண்ணீரில் அகப்பட்டு இறந்தார். அந்த வழக்கத்தை வகுத்தவரே அவர்தான். அப்படிப்பட்டவர் யாரிடமும் சொல்லாமல் போய்விட்டாரே என்று சவ அடக்கத்தன்று ஊரே பேசிக்கொண்டது. தொம்மாவும் பேசினாள்.

 தொம்மா ஹாயோவைப் பார்த்தாள். “அவர் எழுதுறது என் திரையில வராம நான் தடுத்து வச்சிருக்கேன். அது ஊருக்கே தெரியும். நீ படிச்சுக்கிட்டு இருந்தேல்ல?”

ஹாயோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். “நானும்தான் தடுத்தேன்.”

“எப்போ?”

“நீ ‘தொப்’ போட்ட வாரமே. உன் பக்கம் நிக்கணும்னு தோணுச்சு. இம்கே படிக்கிறாளேன்னு இருந்துட்டேன்.”

“நான் நீ படிக்கிறேன்னு இருந்துட்டேன்,” என்றாள் இம்கே.

கணப்பில் ஒரு கட்டை சரிந்து விழுந்தது.  மழைக்கோட்டுகளை எடுத்தபோது அந்த ஐந்தாவது நாற்காலியை யாரும் பார்க்கவில்லை.

*

‘தொப்’ என்பது குப்பைக்கூடையில் ஒன்று விழும் ஓசை. ஒருவரின் எழுத்தை இனிப் படிப்பதில்லை என்று முடிவு செய்தால் குழுவில் அந்த ஒற்றைச் சொல்லைப் போட்டுவிட்டு, நிரலின் தடுப்புப் பட்டியலில் அவர் பெயரைச் சேர்த்துவிடுவார்கள். அதன்பின் அவர் எழுதுவதும் அதற்கு வரும் பதில்களும் திரையில் வராது.

தொம்மா அதைப் போட்டது போன இலையுதிர் காலத்தில். அவள் அப்பா இறந்த வாரம். இறால் படகு ஓட்டியவர் அப்பா. அவரோடு சின்ன வயதில் சேற்றுத் தரையில் நடந்ததையெல்லாம் உட்கார்ந்து நீளமாகக் குழுவில் எழுதினாள். அன்று வந்த முதல் பதில் மென்னோவுடையது. ‘பழைய கடிதத்தின் மேற்கோளை முழுக்க அடியில் தொங்கவிட்டிருக்கிறாய். வேண்டியதை மட்டும் வெட்டி வைத்து, அதன் கீழே எழுத வேண்டும். எத்தனை தடவை சொல்வது?’ அவ்வளவுதான். அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவள் திரையைப் பார்த்துக்கொண்டே அழுதாள். பிறகு ‘தொப்’ போட்டாள்.

விடுதியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். குழுவின் பெயருக்குப் பக்கத்தில், படிக்காத கடிதங்களின் எண்ணிக்கை தடித்த எழுத்தில் நின்றது. எல்லாவற்றையும் படித்து முடித்தாலும் அது அழிவதில்லை. வசந்த காலம் முழுக்க அவளுக்கு அது ஒரு எரிச்சல். நிரலில் கோளாறு என்று நினைத்து ஒருமுறை அழித்துவிட்டுத் திரும்ப ஏற்றியும் பார்த்தாள். அப்போதும் போகவில்லை.

பட்டியலைத் திறந்தாள். ஒரே ஒரு பெயர். அதை நீக்கினாள்.

திரை ஒரு கணம் வெளுத்தது. பிறகு வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கத் தொடங்கின. சர்வரில் சில வாரக் கடிதங்கள்தான் தங்கும். மார்ச் மாதத்தது எப்போதோ கழிந்துபோயிருந்தது. தன் எழுத்தைக் காப்பகம் எதிலும் சேர்க்கக்கூடாது என்று ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும் குறிப்பு வைக்கிறவர் மென்னோ. ஆகையால் இறந்த அன்று அவர் என்ன எழுதினார் என்று தேட வேறு இடமும் இல்லை. ஆனால் தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. இருந்த கடிதங்கள் அத்தனையும் ஒரே கடிதம்.

‘போகிறேன். நோர்டர்ஸீல் அணைப் படியிலிருந்து கறுப்புக் கம்பம் வரை. தண்ணீர் திரும்புமுன் வந்துவிடுவேன். யார் பார்த்துக்கொள்கிறீர்கள்?’

அதன் கீழே பதில் இல்லை. அடுத்த நாள்: ‘போகிறேன்.’ அதற்கடுத்த நாள்: ‘போகிறேன்.’ அன்றன்றைய காற்றும், தண்ணீர் வற்றும் நேரமும் மட்டும் சரியாக மாறியிருந்தன. சில கடிதங்களின் முடிவில் கூடுதலாக ஒரு வரி. ‘யாராவது படிக்கிறீர்களா?’

ஒரே ஒரு இடத்தில் பதில் இருந்தது. லோரென்ஸ் ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று எழுதியிருந்தார். அதற்கு மென்னோ: ‘மேற்கோளைச் சரியாக வெட்டியிருக்கிறாய், சந்தோஷம். ஆனால் கறுப்புக் கம்பம் எங்கே என்று தெரியாதவன் படகுக்காரர்களிடம் என்ன சொல்வாய்? பழைய ஆள் யாராவது சொல்லட்டும்.’ லோரென்ஸ் விடவில்லை: ‘தொம்மாவைக் கேளேன், நேற்றுக்கூட எழுதியிருந்தாளே.’ மென்னோ: ‘அவள் எழுதுவது எனக்குத் தெரிவதில்லை. அவள் தொப் போட்ட அன்றே நானும் போட்டுவிட்டேன்.’

தொம்மா கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த மார்ச் காலையிலும் இதைத்தான் எழுதியிருப்பார். சொல்லிவிட்டுத்தான் போயிருப்பார். பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல ஆள் இல்லாமல், ஒருவேளை யாராவது மௌனமாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று நம்பி இறங்கியிருப்பார். அந்த ஆட்களையெல்லாம் அவரிடமிருந்து பிரித்தது யார்?

அன்றைய கடிதத்துக்குக் கீழே எழுதினாள்: ‘நான் பார்த்துக்கொள்கிறேன், மென்னோ.’ மேற்கோளை வெட்டிச் சரியாக வைத்தாள். அனுப்பினாள்.

மறுநாள் காலை, ஞாயிறு, புதிய கடிதம் வந்திருந்தது. ‘போகிறேன். யாராவது படிக்கிறீர்களா?’

ஹாயோவுக்குப் போன் செய்தாள்.

“எவனோ கேடுகெட்டவன் விளையாடுறான்,” என்றான் அவன். “யார் வேணும்னாலும் எந்தப் பேர்ல வேணும்னாலும் எழுதலாம். நிரல்ல பேரை மாத்தித் தட்டினா முடிஞ்சது. அதுக்குப் போய் நீ பதில் எழுதிக்கிட்டு!”

“இருக்கட்டும். நீயும் ஒரு வரி எழுதேன். உன்னை அவர் தடுக்கல.”

“செத்தவருக்கா?”

“இப்பதானே எவனோ விளையாடுறான்னு சொன்னே?”

 “தொம்மா, எனக்குச் சின்னப் பிள்ளைங்க இருக்கு. நான் அந்தக் குழுவையே எடுத்துட்டேன்,” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். இம்கே போனையே எடுக்கவில்லை.

*

அன்று பிற்பகல் தொம்மா மென்னோவின் வீட்டுக்குப் போனாள். அணையடியில் கடைசி வீடு. அவர் தங்கை கேஷே தனியாக இருக்கிறாள். கல்யாணம் செய்துகொள்ளாத அண்ணனும், புருஷனை இழந்த தங்கையும் பல வருஷம் ஒன்றாக இருந்த வீடு.

கேஷே நல்ல கோப்பைகளை எடுத்து வைத்தாள். ரோஜா வரைந்த மெல்லிய கோப்பைகள். “யாரும் வர்றதில்ல இப்பல்லாம். நீங்க வந்தது எனக்குச் சந்தோஷம்,” என்றாள். முதல் கோப்பை வரைக்கும் வானிலையைப் பற்றியே பேசினார்கள்.

பிறகு கேஷே தானாகவே சொன்னாள். “எனக்கு ஆறாதது ஒண்ணுதாங்க. ஊருக்கெல்லாம் சட்டம் போட்ட மனுஷன், சொல்லாம கொள்ளாம இறங்கிட்டானே. என்கிட்ட சொல்லமாட்டான், அது பழக்கம். உங்ககிட்டல்லாம் சொல்லுவானேன்னு நான் நிம்மதியா இருந்தேன். அன்னைக்கு மட்டும் ஏன் சொல்லாமப் போனான்? சாகணும்னு நினைச்சானோன்னு இருக்கு எனக்கு.”

“அப்படி இருக்காதுங்க,” என்றாள் தொம்மா.

“குழுவுல எதுவும் எழுதலையே?”

“எங்க கண்ணுல படல.” சொன்னது பொய் இல்லை. ஆனாலும் தொம்மா அவசரமாகப் பேச்சை மாற்றினாள்.

“அவர் கம்ப்யூட்டரை இப்ப யார் பாக்குறாங்க?” என்று கேட்டாள்.

“யார் பாக்குறது? வாங்க, காட்டுறேன்.”

மாடி அறை குளிராக இருந்தது. கம்ப்யூட்டரின் மேல் கேஷே ஒரு மேசைவிரிப்பைப் போட்டு மூடியிருந்தாள். தொலைபேசிக் கம்பி சுவரிலிருந்து பிடுங்கி, சுருட்டி, நூலால் கட்டப்பட்டிருந்தது. இணைப்பையே ஏப்ரலில் துண்டித்துவிட்டதாகக் கேஷே சொன்னாள். மேசையில் அவர் பெயருக்கு வந்த தபால்கள் ஒரே சீராக அடுக்கியிருந்தன.

“செத்தவங்களுக்கு வர்ற தபாலை நான் பிரிக்கிறதில்லைங்க. மனசு வரல. வந்ததைக் கொண்டுவந்து இங்க வச்சிடுவேன்.”

எல்லா உறைகளும் ஒட்டியபடியே இருந்தன, ஒன்றைத் தவிர. கடல் ஏறி இறங்கும் நேர அட்டவணை, இந்த அரையாண்டுக்கு உரியது. அந்த உறை மட்டும் கத்தியால் ஓரத்தில் நேர்கோடாக வெட்டப்பட்டிருந்தது. அட்டவணை வெளியே எடுக்கப்பட்டு, இந்த மாதப் பக்கம் திறந்து கிடந்தது.

“இதை நீங்க பிரிச்சீங்களா?”

கேஷே கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தாள். “இல்லையே,” என்றாள். சற்று நேரம் பார்த்துவிட்டு, “பெருக்கும்போது ஏதாவது ஆயிருக்கும்,” என்று சொல்லிக்கொண்டாள். அவளே அதை நம்பியதாகத் தெரியவில்லை.

தொம்மா மேசைப்பக்கம் திரும்பினாள். ‘பார்த்துக்கொள்கிறேன்’ என்று சொல்ல வாயெடுத்தாள். கேஷே பக்கத்திலேயே நின்றாள். சொல்லாமல் இறங்கிவிட்டாள்.

கீழே இரண்டாவது கோப்பையைக் குடித்தாள். கற்கண்டு இன்னும் கரையவில்லை. மூன்று கோப்பைக்குக் குறைந்து குடித்து எழுவது அந்த ஊரில் முகத்தில் அறைவது மாதிரி. தெரிந்தேதான், போதும் என்பதற்கு அடையாளமாகக் கரண்டியைக் கோப்பைக்குள் போட்டு எழுந்தாள். கேஷேயின் முகம் சுருங்கிப்போனது. வாசல்வரை வந்தாள், கையசைக்கவில்லை.

திங்கட்கிழமை காலை, மருந்துக்கடைக்குக் கிளம்புமுன், நிரலைத் திறந்தாள். கடிதம் வந்திருந்தது. இந்தத் தடவை நீளமாக.

‘போகிறேன். அணைப் படியிலிருந்து கறுப்புக் கம்பம் வரை. வடமேற்குக் காற்று. தண்ணீர் திரும்புமுன் வந்துவிடுவேன். யார் பார்த்துக்கொள்கிறீர்கள்?

பின்குறிப்பு: நேற்று தொம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். குழுவில்தான் அவள் எனக்குத் தெரிவதில்லை, வீட்டில் தெரிகிறாள். கேஷே ரோஜாக் கோப்பைகளை எடுத்தாள். அவளோ இரண்டாவதிலேயே கரண்டியைப் போட்டுவிட்டாள். மேலே என் மேசையருகே நின்று ஏதோ சொல்ல வந்தாள். வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுப்பதை நான் வாங்கிக்கொள்வேன் என்று யாராவது அவளிடம் சொல்லுங்கள்.’

தொம்மா அதை இரண்டாம் தடவை படித்தாள். அந்த வீட்டில் அவளும் கேஷேயும் மட்டும்தான் இருந்தார்கள். ஜன்னலில் திரை போட்டிருந்தது. விளையாடுகிறவன் எவனாயிருந்தாலும் அந்தக் கரண்டியைப் பார்த்திருக்க முடியாது.

கடைக்குப் போன் செய்து உடம்பு சரியில்லை என்றாள். பிறகு எழுதும் தாளை எடுத்தாள். வழக்கமாகக் கடிதம் எழுதுகிற மாதிரியே வலது மூலையில் ஊரும் தேதியும் போட்டாள். மருந்துக்கடைக் கடிதங்களில் அடுத்து விளிக்கும் இடம் வந்தால் கை தானாக ஓடும், இன்று நின்றது. பேனா விட்டு விட்டு எழுதியது. ‘நீ’ என்பதா, ‘நீங்கள்’ என்பதா? குழுவில் ‘நீ’. தாளில் இவருக்கு அவள் எழுதியதே இல்லை.

கடைசியில் ‘நீ’ என்றே எழுதினாள்.

‘மென்னோ, நான் உன்னைத் தடுத்தது உண்மை. மற்றவர்கள் என்னைப் பார்த்துத்தான் தடுத்தார்கள். நீ சொல்லிவிட்டுத்தான் போனாய். கேட்க ஆள் இல்லாமல் செய்தது நான். என் பெயரை உன் பட்டியலிலிருந்து எடுத்தால் எடு, எடுக்காவிட்டால் போகட்டும். கறுப்புக் கம்பம் எனக்குத் தெரியும். அப்பா அதில் படகைக் கட்டுவார். அதற்கு மேற்கே ஓடை இரண்டாகப் பிரிகிறது. பனி இறங்கினால் இடது கிளையைப் பிடித்து வா. நான் பார்த்துக்கொள்கிறேன்.’

அதோடு முடிந்திருக்கலாம். தாளை மடித்து உறையில் போட்டு, அவர் பெயரை எழுதினால் கேஷே பிரிக்காமல் மேலே வைத்துவிடுவாள். யாருக்கும் எதுவும் தெரியாது. மருந்துக்கடையில் நாளைக்கும் அவளிடம் சிரித்துப் பேசுவார்கள்.

தொம்மா இன்னொரு தாளை எடுத்தாள். இது கடினமாக இருந்தது. முதல் தாளைவிட மிகவும் கடினமாக.

‘மதிப்புக்குரிய கேஷே அம்மா, உங்கள் அண்ணன் சாக நினைத்துப் போகவில்லை. அன்று காலை குழுவில் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார். நாங்கள் மூவரும் அவரைப் படிக்காமல் இருந்தோம். அதைத் தொடங்கியவள் நான். நேற்று உங்கள் மேசைமுன் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்லத் துணிவில்லாமல் எழுந்து வந்தேன். ஊரில் யாரிடம் வேண்டுமானாலும் நீங்கள் இதைச் சொல்லலாம். உள்ளே மடித்து வைத்திருக்கும் இன்னொரு தாள் அவருக்கு எழுதியது. தயவுசெய்து அதை மேலே அவர் மேசையில் வையுங்கள். பிரித்தே வையுங்கள், படிக்க எளிதாக இருக்கும்.’

கையெழுத்தில் முழுப்பெயரையும் எழுதினாள்.

ஒரு தாளுக்குள் இன்னொன்றை வைத்து மடித்தாள். உறையில் கேஷேயின் பெயர், அணையடி முகவரி. பின்பக்கம் தன் பெயர், தன் முகவரி. எந்தக் கடிதத்திலும் விடாத வழக்கம். மோடத்தை அணைக்காமல், குழுவைத் திரையில் திறந்தபடியே விட்டுவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டாள். தெருமுனைக்குப் போகும்போது அணைக்கு அப்பால் தண்ணீர் வற்றத் தொடங்கியிருந்தது. சேற்றின் வாடை தெரு முழுக்க வந்தது. அணைப் படியில் யாராவது இறங்குகிறார்களா என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மஞ்சள் தபால்பெட்டி முன் நின்று, உறையின் பசையை நாக்கால் ஈரப்படுத்தி, கட்டைவிரலால் ஓரம்வரை அழுத்தி ஒட்டினாள். மதியத் தபால் இன்னும் எடுக்கப்படவில்லை. மூடியைத் தூக்கி, உள்ளே விட்டாள்.